மரத்தில் சாய்ந்து நின்ற வின்செஸ்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய லீவர் ரைஃபிள் சேகரிப்பவர்கள் கூடினால் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றியே வரும்: எத்தனை செய்தார்கள், பழைய மெருகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கடைசி ஏலத்தில் என்ன விலைக்குப் போனது. இங்கே சொல்லப்போகும் ரைஃபிள், வின்செஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1873 வகை, இந்த மூன்றிலுமே தேறாது. ஒரே ஆண்டில் 25,000-க்கும் மேல் செய்து தள்ளிய சாதாரண வகை அது. மெருகு துளியும் மிச்சமில்லை. விற்பனைக்கும் வராது. ஆனாலும், பழைய துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டால் எதை முதலில் செய்யலாம், எதைக் கடைசிவரை செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இதற்குத் தேவையில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும் காரணங்களும் போதும்.

பின்னணி: ரைஃபிள்

விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்பக்கம் தள்ளித் திரும்ப இழுத்தால் சுட்ட கூடு மேலே தெறிக்கும், குழலுக்கு அடியில் உள்ள நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா உயர்ந்து வந்து நிற்கும், சுத்தியலும் தயாராகிவிடும். லீவர் ரைஃபிள் என்பது இவ்வளவுதான். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிள் இந்த வகையைப் பரவலாக்கியது. அது ஏறத்தாழ 14,000 மட்டுமே செய்யப்பட்டது. அதில் குழாயின் முன்முனையைத் திறந்து தோட்டா போட வேண்டும், மண்ணும் தூசியும் சுலபமாக உள்ளே புகுந்துவிடும். 1866-இல் வந்த வின்செஸ்டரில் பக்கவாட்டில் ஒரு சிறிய கதவு வைத்தார்கள், அந்தத் தொல்லை தீர்ந்தது. மஞ்சள் நிற உலோகச் சட்டகம் கொண்ட அந்த 1866-ஐச் சேகரிப்பாளர்கள் இன்றும் ‘யெல்லோ பாய்’ என்றுதான் சொல்வார்கள்.

அடுத்து வந்தது 1873. சட்டகம் இரும்புக்கு மாறியது, தோட்டாவும் மாறியது. .44-40 என்று சொல்லப்படும் அந்தத் தோட்டாவில் 44 என்பது குழலின் அளவு, 40 என்பது கருமருந்தின் எடை, கிரெயின் என்ற சிறிய எடை அலகின் கணக்கில். சில ஆண்டுகளில் கோல்ட் (Colt) என்ற துப்பாக்கி நிறுவனம் இதே தோட்டாவுக்கு ரிவால்வரும் செய்தது. இடுப்புக்கும் தோளுக்கும் ஒரே தோட்டா என்றால் காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் திரிகிறவனுக்கு எவ்வளவு சௌகரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1873-இல் சுமார் 50 டாலராக இருந்த விலை 1882-இல் 25 டாலருக்கு இறங்கியது. மொத்தத் தயாரிப்பு 7,20,000-ஐத் தாண்டியது. பண்ணைக்காரன், சுரங்கத் தொழிலாளி, மான் வேட்டைக்காரன் என்று யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பொருளாக இது மாறியது இப்படித்தான்.

இந்த 7 லட்சத்துக்குள்ளும் அரியவை உண்டு. சோதனையில் மிக நன்றாகச் சுட்ட குழல்களைத் தனியாக எடுத்து, அவற்றில் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து 100 டாலருக்கு விற்றார்கள். 1873 வகையில் அப்படி ஏறத்தாழ 136 தான். 1950-இல் இதை மையமாக வைத்து ஒரு ஹாலிவுட் படம் வந்தபோது, தயாரிப்பு நிறுவனம் ஊரெங்கும் விளம்பரம் செய்து மிஞ்சியிருந்தவற்றைத் தேடியது. அதுவரை யாருக்கும் தெரியாத பல ரைஃபிள்கள் அந்தத் தேடலில் வெளியே வந்தன. சேகரிப்பு உலகத்தின் கண் அன்று முதல் அந்த 136-இன் மேலேயே இருக்கிறது. மீதி 7 லட்சத்தில் பெரும்பாலானவை தேய்ந்து, உடைந்து, வேறு குழல் மாட்டப்பட்டு, கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) இழைக்கப்பட்டு, இரும்புக்குத் திரும்ப நீல மெருகு ஏற்றப்பட்டுத்தான் நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பின்னணி: இடம்

நெவாடா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், யூட்டா எல்லையை ஒட்டி, ஸ்நேக் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே 1986-இல் உருவானது கிரேட் பேசின் தேசியப் பூங்கா. லேமன் குகைகளும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் பிரிசில்கோன் பைன் மரங்களும் இருப்பது இங்கேதான். பூங்காவாவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் இது மேய்ச்சலும் சுரங்கமும் நடந்த நிலம். அருகிலிருக்கும் ஒசியோலா என்ற ஊரில் 1872-இல் தங்கம் கிடைத்தது. தங்கம் கழுவத் தண்ணீர் கொண்டுபோக 1889–90 வாக்கில் மலையோரமாக 18 மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

காற்று வறண்டது. இந்த நிகழ்வில் பாதி வேலையைச் செய்தது அந்த வறட்சிதான் என்று தோன்றுகிறது. மழைக்காடாக இருந்திருந்தால் கட்டை பத்தே ஆண்டில் மண்ணாகியிருக்கும்.

கண்டது

2014 நவம்பர் 6-ஆம் தேதி, பூங்காவின் தொல்லியல் குழு கள ஆய்வில் இருந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பாறைப் பகுதியில், பழைய ஜூனிப்பர் மரம் ஒன்றின் மேல் ஏதோ சாய்ந்திருப்பதைக் குழுவில் ஒருவர் கவனித்தார். அது ரைஃபிள்.

அந்த நேரத்தில் எடுத்த படங்களை நிதானமாகப் பார்த்தால் ஏன் அது இத்தனை காலம் தப்பியது என்று புரியும். ஜூனிப்பரின் பட்டை நார் நாராகப் பிரிந்து சாம்பல் நிறத்தில் தொங்கும். ரைஃபிளின் கட்டையும் வெயிலில் வெளுத்து, நீளவாக்கில் வெடித்து, அதே சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. குழலின் துரு, மரத்தண்டின் நிழல் பக்கத்துப் பழுப்பு. பத்தடி தள்ளி நின்றால் அது இன்னொரு காய்ந்த கிளைதான். கட்டையின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தது. யாரும் குழி தோண்டி நட்டதில்லை. சருகும் மண்ணும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அதைச் சுற்றி மேலே ஏறியிருக்கின்றன.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி கீழே கிடக்கவில்லை. குதிரையிலிருந்து விழுந்தது என்றோ, ஓடும்போது கைதவறியது என்றோ சொல்ல வழியில்லை. யாரோ ஒருவர் அதை மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார். திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு வைக்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார். இந்த ஒரு தகவல் துப்பாக்கியின் எந்தப் பாகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. துப்பாக்கியும் மரமும் மண்ணும் சேர்ந்து நின்ற நிலையில் மட்டுமே அது இருந்தது. யாராவது ஒரு மலையேறி ஆர்வத்தில் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தால் நமக்கு மிஞ்சியது துருப்பிடித்த ஒரு 1873 மட்டும்தான்.

முதல் முடிவு: தொடுவதற்கு முன் பதிவு

படம் எடுத்தார்கள், கிடைத்த இடத்தைப் பதிவு செய்தார்கள், பிறகுதான் எடுத்தார்கள். தொல்லியலாளருக்கு இது அன்றாட வழக்கம். துப்பாக்கி சேகரிப்பாளருக்கு அப்படியில்லை, அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கிடைத்த இடம் எவ்வளவு பேசும் என்பதற்கு மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் களம் நல்ல சான்று. 1876-இல் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படைப்பிரிவு அழிந்த இடம். 1983-இல் அங்கே புல் தீப்பிடித்துத் தரை வெளியே தெரிந்ததும், 1984-இலும் 1985-இலும் உலோகம் கண்டறியும் கருவிகளோடு ஆய்வு நடந்தது. ஒவ்வொரு தோட்டாக் கூடும் எங்கே கிடந்தது என்று வரைபடத்தில் குறித்தார்கள். அப்புறம் கூட்டின் அடியில் சுடுமுள் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) விட்ட தழும்பைக் குற்றப் புலனாய்வுக் கூடத்தில் செய்வதுபோல ஒப்பிட்டார்கள். ஹென்றி, 1866 வகை ரைஃபிள்களின் சுடுமுள் இரண்டு தழும்பு விடும், அதனால் அவற்றைச் சுலபமாக இனம் காண முடியும். கடைசியில், ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே சொல்ல முடிந்தது. அதே கூடுகளை யாராவது முன்பே பொறுக்கிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருந்தால் அவை வெறும் பித்தளை.

சட்டமும் இந்தப் பக்கம்தான். அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு நிலத்தில் உள்ள 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது குற்றம். ‘கண்டெடுத்தவனுக்கே சொந்தம்’ என்ற பேச்சு அங்கே செல்லாது. 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கியை 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘பழம்பொருள்’ என்று தனியே வைத்திருப்பதால், கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை அத்தகையவற்றை வாங்குவதும் விற்பதும் அமெரிக்காவில் சுலபம். ஆனால் அந்தச் சலுகை துப்பாக்கிக்குத்தான், அது கிடைத்த நிலத்துக்கு இல்லை. இந்த இரண்டு சட்டங்களையும் குழப்பிக்கொள்கிற சேகரிப்பாளர்கள் உண்டு.

இரண்டாம் முடிவு: லீவரை அசைக்காதது

பழைய லீவர் ரைஃபிளைக் கையில் எடுத்த எவருக்கும் முதலில் வரும் ஆசை, லீவரைத் திறந்து பார்ப்பது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் 1873-இன் உள்ளமைப்பு, முழங்கால்போல மடங்கி நீளும் இரண்டு இணைப்புத் துண்டுகளை நம்பியிருக்கிறது. துரு அவற்றைச் சட்டகத்தோடு ஒட்ட வைத்திருக்கும்போது பலம் கொடுத்து இழுத்தால் உடைவது ஊசிகளும் இணைப்புகளும். அதைவிட முக்கியம், உள்ளே தோட்டா இருந்து, அது துருவில் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நூறாண்டு பழைய கருமருந்து செத்துப்போயிருக்கும் என்று நம்பி விளையாடுவது முட்டாள்தனம்.

சரி, அப்படியானால் தோட்டா இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் திறந்தே வைத்தார்கள். வரிசை எண்ணைப் பார்ப்பதற்கு எதையும் கழற்றத் தேவையில்லை என்பதால் அடையாளம் காணும் வேலை முதலில் நடந்தது.

எண்ணும் பேரேடும்

1873 வகையில் பெயர் மேல் நாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும், வரிசை எண் கீழ் நாக்கில் இருக்கும். நாக்கு என்பது சட்டகத்திலிருந்து கட்டைக்குள் நீளும் இரும்புப் பட்டை. துருவுக்கு நடுவிலும் இரண்டும் வாசிக்கக் கிடைத்தன.

அந்த எண்ணோடு போக வேண்டிய இடம் வயோமிங் மாநிலத்தில் உள்ள கோடி (Cody) என்ற நகரம். அங்குள்ள பஃபலோ பில் மேற்குலக மையத்தின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில்தான் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. நியூ ஹேவனில் நிறுவனம் வைத்திருந்த சேகரிப்பு 1970-களின் நடுவில் அங்கே போய்ச் சேர்ந்தது. மார்லின் நிறுவனத்தின் பேரேடுகளும் அங்கேதான். வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்கு எதிரே குமாஸ்தா மையில் எழுதி வைத்ததைப் படித்துக் கடிதமாகத் தருவார்கள். சேகரிப்பாளர்கள் இதைத் ‘தொழிற்சாலைக் கடிதம்’ என்பார்கள். குழல் வட்டமா எண்கோணமா, விசை எந்த வகை, கிடங்குக்கு எப்போது வந்தது, எப்போது வெளியே போனது என்பவை அதில் இருக்கும். எல்லா எண்களுக்கும் பதிவு கிடையாது. 1866 வகையின் முதல் பெரும்பகுதிக்குப் பேரேடே இல்லை. 1873-இலும் இடையிடையே விட்டுப்போன பகுதிகள் உண்டு.

இந்த ரைஃபிளின் எண் இருந்தது. செய்ததும் அனுப்பியதும் 1882. அவ்வளவுதான். யாருக்கு, எந்த ஊருக்கு என்ற விவரம் இல்லை. கோல்ட் நிறுவனத்தின் ஏடுகளில் எந்தக் கடைக்குப் போனது என்பது வழக்கமாக இருக்கும், வின்செஸ்டர் பேரேடுகளில் பெரும்பாலும் இருக்காது. துப்பாக்கியின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் வின்செஸ்டரில் முட்டி நிற்கும் சுவர் இதுதான். ஒரு வின்செஸ்டரைக் காட்டி ‘இது இன்ன ஷெரீஃபுடையது, கடிதம் இருக்கிறது’ என்று யாராவது விற்க வந்தால், கடிதத்தில் ஷெரீஃபின் பெயர் எங்கே என்று கேளுங்கள். அநேகமாக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதம் சாட்சி சொல்வது எண்ணுக்குத்தான். அந்த எண்ணைத் தாங்கிய இரும்பு இன்றும் அதே குழலோடும் அதே கட்டையோடும் இருக்கிறது என்று அது சொல்லாது. சந்தையில் மோசடி நுழையும் இடுக்கு இதுதான்: நல்ல கடிதம் உள்ள நைந்த சட்டகத்தை வாங்கி, கடிதத்தில் எழுதியிருக்கிறபடி மற்ற பாகங்களைத் தேடிப் பொருத்திவிடுவது. இந்த ரைஃபிளில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனதற்குக் காரணம், அது கிடந்த கிடைதான். மண்ணில் புதைந்து நின்ற கட்டையை யாரும் நேற்று வந்து மாற்றியிருக்க முடியாது.

மருத்துவமனையில்

தோட்டாக் கேள்விக்குத் திரும்புவோம். ரைஃபிளைக் கோடி நகரத்துக்கே கொண்டுபோய், அந்த ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணினியில் நோயாளியின் பெயர் இல்லாமல் பதிவு நகராதாம். பெயர் என்ற இடத்தில் ‘ரைஃபிள்’ என்றே போட்டார்கள்.

சுடும் நிலையில் தோட்டா இல்லை என்று தெரிந்தது. எதிர்பாராதது வேறு இடத்தில் இருந்தது. கட்டையின் அடித்தகட்டில் ஒரு சிறு மூடி உண்டு, அதற்குள் துடைப்புக் கம்பிகளை வைத்துக்கொள்ள ஒரு துளை. அந்தத் துளைக்குள் ஒரு தோட்டா நிழலாகத் தெரிந்தது. எடுத்துப் பார்த்தபோது .44-40 தான். அடியில் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனியின் முத்திரை. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த அந்த நிறுவனம் குறிப்பிட்ட இந்த முத்திரையைப் போட்டது 1887-க்கும் 1911-க்கும் இடையில்.

இந்த ஒற்றைத் தோட்டா, பேரேடு சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. ரைஃபிள் 1882-இல் தொழிற்சாலையை விட்டுப் போனது. ஆனால் குறைந்தது 1887 வரையாவது யாரோ ஒருவர் கையில் பயன்பாட்டில் இருந்திருக்கிறது. அதற்கு முன் அது மரத்தடிக்கு வந்திருக்க முடியாது. இது கீழ் எல்லைதான், மேல் எல்லையை இதை வைத்துச் சொல்ல முடியாது. 1911-இல் செய்த தோட்டாவை ஒருவர் 1930-இலும் கட்டைக்குள் செருகி வைக்கலாம். பழைய தோட்டாவை வீணாக்காமல் வைத்துக்கொள்கிற பழக்கம் வேட்டைக்காரர்களிடம் உண்டு. ஆகவே ‘1887 முதல் 1911-க்குள் கைவிடப்பட்டது’ என்று சிலர் எழுதியது தோட்டாவின் தேதியைக் கைவிட்ட தேதியாகப் படித்ததால் வந்த பிழை.

குழல் காலி, கட்டைக்குள் ஒன்று பத்திரம். இதை வைத்து அந்த மனிதரைப் பற்றிக் கதை கட்டலாம். நான் கட்டப்போவதில்லை.

மூன்றாம் முடிவு: புதுப்பிக்காமல் காப்பது

விவாதத்துக்கு அதிக இடம் தரும் முடிவு இதுதான். சேகரிப்பு உலகத்தில் இரண்டு பழக்கங்கள் ஊறியிருக்கின்றன. துருவைக் கண்டால் எஃகு நார் தேடுவது ஒன்று, மரம் வெளுத்திருந்தால் ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது மற்றொன்று. எஃகு நாரில் துருவோடு எழுத்தும் முத்திரையும் தேயும். எண்ணெய் வெடித்த மரத்துக்குள் இறங்கிக் கறுத்து, திரும்ப வெளியே வராது. அதன் பிறகு எந்தப் பசையும் அந்த மரத்தில் சரியாகப் பிடிக்காது. இரண்டுமே ஒருவழிப் பாதை. நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கிக்குக்கூட இவற்றால் விலை இறங்கும் என்பது ஏல நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் வீட்டில் கிடைத்த தாத்தாவின் ரைஃபிளை விற்கும் முன் ‘பளபளப்பாக்கி’ வருகிறவர்கள் குறையவில்லை.

கோடியில் செய்தது மிகக் குறைவு. சிதறத் தயாராக இருந்த மரச் சிம்புகளைப் பசையால் இருந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். சாம்பல் நிறம் சாம்பலாகவே விடப்பட்டது, துரு துருவாகவே விடப்பட்டது. வறண்ட காற்றில் உருவாகி ஓய்ந்துபோன துரு, ஈரமில்லாத அறையில் மேலும் தின்னாது. அதன் நிறம்தான் இந்த ரைஃபிள் எங்கே நின்றது என்பதற்கு மிஞ்சிய சாட்சி. மரத்தை நேராக்கி, உலோகத்தைத் துலக்கி வைத்திருந்தால், 7 லட்சத்தில் மோசமான ஒன்றாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இந்த முடிவுக்கு எதிர்வாதமும் கேட்டிருக்கிறேன்: ‘இயங்குகிற மாதிரி ஆக்கினால்தானே அது துப்பாக்கி’ என்று. இயங்குகிற 1873 பார்க்க ஆசைப்பட்டால் அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இத்தாலியில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்த வேலைக்கு இது வேண்டாம்.

வெளியே தெரிந்த பிறகு

2015 ஜனவரியில் பூங்கா இதைப் பொதுவெளியில் அறிவித்தது. சில நாட்களில் உலகம் முழுக்கச் செய்தியானது. ‘மறக்கப்பட்ட வின்செஸ்டர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. யூகங்கள் குவிந்தன. மானைச் சுட்டுவிட்டு இறங்கிப் போனவர் வழி தவறினார், இயற்கை உபாதைக்கு ஒதுங்கியவர் எந்த மரம் என்று மறந்துபோனார், பாம்பு கடித்தது, இன்னும் என்னென்னவோ. பழைய செய்தித்தாள்களிலும் குடும்ப வரலாறுகளிலும் துப்பாக்கி தொலைந்த செய்தி ஏதும் உண்டா என்று தேடும் வேலையும் நடந்தது. உரிமையாளர் யாரென்று தெரியவரவில்லை. 25 டாலர் பொருளைத் தொலைத்தவர் அதைப் பத்திரிகையில் போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

சில காலம் கோடியில் பார்வைக்கு வைக்கப்பட்ட ரைஃபிள், பிறகு கிரேட் பேசினுக்கே திரும்பியது. இன்று பூங்காவுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

மதிப்பு என்ற கேள்வி

சேகரிப்பாளர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்: இதற்கு என்ன விலை வரும்? விற்க முடியாத பொருளுக்கு விலை பேசுவதில் பயனில்லை. ஆனால் ஒப்பிட ஒன்று இருக்கிறது. 2016 ஏப்ரலில் இல்லினாயின் ராக் ஐலண்ட் ஏலத்தில் வின்செஸ்டர் 1886 ஒன்று 12,65,000 டாலருக்குப் போனது. வரிசை எண் 1. அப்பாச்சி பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திய படையில் இருந்த ஹென்றி லாட்டனுக்கு நண்பர் ஒருவர் பரிசளித்தது, பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எண், பெயர், கைமாறிய வரலாறு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வாங்கியவர் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அந்தப் பொருத்தத்துக்குத்தான், இரும்புக்கு இல்லை.

கிரேட் பேசின் ரைஃபிளுக்குப் பெயர் இல்லை. அதனிடம் இருப்பது ஒரு மரம், ஒரு மண்மேடு, ஒரு தோட்டா. இவை மூன்றும் சிதறாமல் ஒன்றாக ஆவணமானதால்தான் ஒரு சாதாரண 1873-ஐப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள். ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்த ரைஃபிள் நூற்றுக்கு மேல் உண்டு. வைத்த இடத்திலேயே நின்று, கை படாமல் நம்மிடம் வந்த 1873 வேறொன்று எனக்குத் தெரியாது.

இனி ஒன்று நடந்தால் மாற்ற வேண்டியவை

அறிவிப்பின் மொழி முதலாவது. ரைஃபிளுக்கு 132 வயது என்பது சரியான தகவல். அது தலைப்புகளில் ‘132 ஆண்டுகளாக மரத்தில் சாய்ந்திருந்தது’ என்று மாறி ஓடியது. தோட்டா தெரியவந்த பிறகும் அந்த வரி பல இடங்களில் திருத்தப்படவில்லை. செய்த தேதி, கடைசியாகக் கையில் இருந்ததற்கான சான்றுத் தேதி, கண்டெடுத்த தேதி ஆகிய மூன்றையும் முதல் அறிவிப்பிலேயே தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் இந்தக் குழப்பம் பாதி குறையும். எக்ஸ்ரே வரை பொறுத்து அறிவித்திருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அறிவிப்பு பரவியதால்தான் பழைய குடும்பங்கள் தங்கள் காகிதங்களைப் புரட்டத் தொடங்கின.

எக்ஸ்ரேயைக் களத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாவது. தோட்டா இருக்கிறதா என்று தெரியாத துப்பாக்கியை நீண்ட தூரம் கொண்டுபோவது பாதுகாப்பு விஷயம். எந்த ஊர் மருத்துவமனையிலும், கால்நடை மருத்துவரிடமும்கூட இதைச் செய்துகொள்ள முடியும். பரணிலிருந்து தாத்தாவின் ரைஃபிளை இறக்குகிற குடும்பத்துக்கும் இதே யோசனைதான். லீவரைத் தொடுவதற்கு முன் படம் எடுத்துப் பாருங்கள். எண்ணை எழுதி அனுப்புங்கள். எஃகு நாரைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதுபோல இன்னொன்று கிடைத்தால், துப்பாக்கிக்குத் தரும் அதே கவனத்தை மரத்துக்கும் மண்ணுக்கும் தர வேண்டும். கட்டையைச் சுற்றி ஏறிய மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சலித்தால் உதிர்ந்த மரச் சிம்பு, ஆணி, தோட்டாக் கூடு ஏதாவது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். இரும்பு உராய்ந்த இடத்தில் மரத்தின் வளர்ச்சியில் தழும்பு இருந்தால், அங்கே மெல்லிய துளையிட்டு வளையங்களை எண்ணிப் பார்க்கலாம். யூட்டா ஜூனிப்பரில் இது சுலபமில்லை. வறண்ட ஆண்டில் வளையமே போடாமல் விட்டுவிடும், ஒரே ஆண்டில் பொய் வளையம் இரண்டு போடும், தண்டும் ஒழுங்கில்லாமல் புடைத்து வளரும். பக்கத்திலுள்ள பின்யன் பைன்களோடு ஒப்பிட்டுத்தான் கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அப்படியும் ஐந்தாறு ஆண்டு முன்பின் வரும். ஆனால் 1887-க்குப் பிறகு எப்போது என்ற கேள்விக்கு மேல் எல்லை ஒன்றைத் தரக்கூடிய இடம் அந்த மரம்தான்.